ஒரே நாள், ரெண்டு மைதானம்: எம். ஜே. கோபாலன் கதை



முதல்ல ஒரு தேதியை மனசுல வெச்சுக்கோங்க. 1936, ஆகஸ்ட் 15. சுதந்திரம் கிடைக்க இன்னும் சரியா 11 வருஷம் இருக்கு. அதனால அன்னைக்கு அந்தத் தேதிக்கு எந்த மதிப்பும் கிடையாது, சாதாரண சனிக்கிழமை, அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை பெர்லின்ல ஒலிம்பிக் ஹாக்கி இறுதிப் போட்டி நடக்குது. இந்தியாவும் ஜெர்மனியும் மோதுறாங்க. முதல் பாதி முடியும்போது இந்தியா 1-0. ஆட்டம் முடியும்போது 8-1! தியான்சந்த் தலைமையில் இந்தியாவுக்குத் தொடர்ந்து மூன்றாவது தங்கம்.

அதே சனிக்கிழமை, லண்டன் ஓவல் மைதானத்துல இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடுற மூன்றாவது டெஸ்ட் தொடங்குது. அங்கே கதை தலைகீழ். வால்டர் ஹாமண்ட் நம்ம பந்துவீச்சை வெளுத்து வாங்குறார். அந்த இன்னிங்ஸ்ல அவர் ஒருத்தரே 217 ரன். கடைசியில இந்தியா 9 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது.

இந்த ரெண்டு அணியிலும் இடம் பிடிக்கிற அளவுக்குத் திறமை இருந்த ஒரு தமிழர் இருந்தார். அவர் பெர்லின் அணித் தேர்வுக்குப் போகாம, கிரிக்கெட் அணியோட இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அந்தச் சுற்றுப்பயணத்தில் நடந்த மூன்று டெஸ்டில் ஒண்ணுல கூட அவருக்கு இடம் கிடைக்கல. ஓவல்ல ஆடின 11 பேரிலும் அவர் இல்ல. பெர்லின்ல தங்கம் வாங்கினவங்களிலும் அவர் இல்ல.

அவர் பேர் எம். ஜே. கோபாலன். 2003-ல காலமானார். நம்ம பேட்ச்ல நிறைய பேர் அப்போ பிறக்கவே இல்ல. சேப்பாக்கம் ஸ்டேடியத்துல ஒரு நுழைவாயிலுக்கு அவர் பேர் வெச்சிருக்காங்க. சிஎஸ்கே மேட்ச் பார்க்க தஞ்சாவூர்ல இருந்து ராத்திரி ரயில் ஏறிப் போற நம்ம பசங்கள்ல எத்தனை பேர் அந்தப் பேரைப் படிச்சிருப்பாங்க? அதனாலதான் இந்தக் கட்டுரை.

மொரப்பாக்கம் டு திருவல்லிக்கேணி

இனிஷியல்ல இருக்கிற 'எம்' மொரப்பாக்கம். செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிற கிராமம். பதிவுகள்படி அவர் பிறந்தது 1909 ஜூன் 6. சின்ன வயசுலேயே குடும்பம் சென்னைக்கு, திருவல்லிக்கேணிக்கு வந்துடுச்சு. அங்க இருந்து ஒரு பக்கம் நடந்தா மெரினா, இன்னொரு பக்கம் நடந்தா சேப்பாக்கம். பந்து விளையாடுற பையனுக்கு இதைவிட நல்ல விலாசம் கிடைக்காது.

ஆனா அப்போ இருந்த சேப்பாக்கம் இப்போ நாம பார்க்கிற சேப்பாக்கம் இல்ல. அது மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்போட மைதானம். 1846-ல வெள்ளைக்காரங்க தொடங்கின கிளப். இந்தியர்கள் அங்க உறுப்பினர் ஆக முடியாது. விளையாடப் போனாலும் பெவிலியனுக்குள்ள உட்கார இடம் கிடையாது, மரத்தடியில்தான் உட்காரணும். இதைப் பொறுக்க முடியாமதான் புச்சி பாபு நாயுடு 1888-ல இந்தியர்களுக்காக மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இன்னைக்கும் வருஷா வருஷம் நடக்கிற புச்சி பாபு டோர்னமென்ட் இவர் பேர்லதான்.

அப்புறம் இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதுற பிரசிடென்சி மேட்ச் பொங்கல் சமயத்துல நடக்கிறது வழக்கமாச்சு. நமக்குப் பொங்கலுன்னா மாட்டு வண்டி, கரும்பு, ஜல்லிக்கட்டு. அன்னைய மெட்ராஸ்காரங்களுக்குப் பொங்கலுன்னா இந்த மேட்சும் சேர்ந்தது. வெள்ளைக்காரனை ஜெயிக்கிறதுக்கு வருஷத்துல கிடைக்கிற ஒரே சட்டபூர்வமான வாய்ப்புன்னு கூட சொல்லலாம்.

இப்படிப்பட்ட ஊர்லதான் கோபாலன் வளர்ந்தார்.

வேலை கொடுத்த கேப்டன்

இங்க ஒரு சுவாரசியமான விஷயம். கோபாலனோட திறமையை முதல்ல கண்டுபிடிச்சவர் ஒரு இங்கிலீஷ்காரர், சி. பி. ஜான்ஸ்டன். மெட்ராஸ் கிரிக்கெட்டோட பெரிய தலைகள்ல ஒருத்தர். அவர் பையனைப் பார்த்துப் பாராட்டிட்டுப் போயிடல. பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் அவருக்கு ஒரு வேலையும் வாங்கிக் கொடுத்தார்.

இது எவ்வளவு பெரிய உதவின்னு புரிஞ்சுக்க அந்தக் காலத்தைப் புரிஞ்சுக்கணும். அன்னைக்கு இந்தியாவுல கிரிக்கெட் ஆடினா காசு கிடையாது. ஏலம் இல்ல, சென்ட்ரல் கான்ட்ராக்ட் இல்ல, விளம்பரமும் இல்ல. ஒண்ணு நீங்க ராஜா வீட்டுப் பிள்ளையா இருக்கணும், இல்லைன்னா ஏதாவது ஒரு ராஜா உங்களை வெச்சுக் காப்பாத்தணும், இல்லைன்னா லீவு கொடுக்கிற ஒரு முதலாளி வேணும். கோபாலனுக்குக் கிடைச்சது மூணாவது வகை.

அந்த பர்மா ஷெல்லை 1976-ல மத்திய அரசு எடுத்துக்கிச்சு. அதுதான் இன்னைய பாரத் பெட்ரோலியம். ஆமா, கேட் ஸ்கோரைக் கையில வெச்சுக்கிட்டு நம்ம மெக்கானிக்கல், கெமிக்கல் பசங்க கனவு காணுற அதே பிபிசிஎல்தான்!

கோபாலன் வலது கை மிதவேகப் பந்துவீச்சாளர், கீழ் வரிசையில் இறங்கி நல்லா பேட்டும் பிடிப்பார். மிதவேகப் பந்துவீச்சுன்னா வேகத்தை மட்டும் நம்ப முடியாது, பந்து காத்துல திரும்பணும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல பவுண்டரி லேயர் பாடம் ஞாபகம் இருக்கா? புதுப் பந்தோட தையலைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சு எறிஞ்சா, தையல் இருக்கிற பக்கம் காத்து கலங்கி, பந்தோட இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கிட்டுப் போகும். வழுவழுப்பான பக்கம் சீக்கிரமே பிரிஞ்சுடும். ரெண்டு பக்கமும் அழுத்தம் வேற வேற ஆகுறதால பந்து ஒரு பக்கமா நகரும். நாம 16 மார்க்குக்கு எழுதின இந்த விஷயத்தைப் படிக்காமலேயே, அந்தத் தலைமுறை விரல் நுனியில கத்து வெச்சிருந்தது.

கிரிக்கெட் ஒரு பக்கம் இருக்க, கோபாலன் இன்னொரு கையில ஹாக்கி ஸ்டிக்கையும் பிடிச்சார். பொழுதுபோக்கா இல்ல. மெட்ராஸுக்காக ஆடி, அப்புறம் இந்தியாவுக்காகவே ஆடுற அளவுக்கு.

1934: அவர் வருஷம்

டெல்டா பசங்களுக்கு 1934-ன்னு சொன்னா ஒண்ணு ஞாபகம் வரணும். மேட்டூர் அணை கட்டி முடிச்ச வருஷம் அது. நம்ம ஊர் வயலோட காலண்டரையே மாத்தின வருஷம். கோபாலனோட வாழ்க்கைக்கும் அதுதான் முக்கியமான வருஷம்.

ஜனவரி மாசம் கல்கத்தா ஈடன் கார்டன்ஸ்ல டக்ளஸ் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணிக்கு எதிரா ரெண்டாவது டெஸ்ட். இந்தியாவுக்கு சி. கே. நாயுடு கேப்டன். கோபாலனுக்கு அறிமுகம். அந்த மேட்ச்ல அவர் எடுத்தது ஒரே ஒரு விக்கெட். பேட்டிங்ல முதல் இன்னிங்ஸ் 11 நாட் அவுட், ரெண்டாவது இன்னிங்ஸ் 7. டெஸ்ட் டிரா. பெருசா சொல்லிக்கிற அறிமுகம் இல்ல, மோசமும் இல்ல.

அடுத்த டெஸ்ட் எங்க தெரியுமா? பிப்ரவரியில, மெட்ராஸ் சேப்பாக்கத்துல! மெட்ராஸ்ல நடந்த முதல் டெஸ்ட் மேட்சே அதுதான். திருவல்லிக்கேணிப் பையன், வீட்ல இருந்து நடந்து போற தூரத்துல இருக்கிற மைதானம், சொந்த ஊர் கூட்டம். ஆனா அணியில அவர் பேர் இல்ல. கல்கத்தாவுல ஆடினதுதான் அவர் வாழ்க்கையோட ஒரே டெஸ்ட். அது அன்னைக்கு அவருக்கும் தெரியாது, வேற யாருக்கும் தெரியாது.

அதே வருஷம் நவம்பர் 4. ரஞ்சி கோப்பை தொடங்குது. இன்னைக்கு 30-க்கும் மேல அணிகள் ஆடுற அந்தப் போட்டியோட முதல் மேட்ச் சேப்பாக்கத்துல, மெட்ராஸுக்கும் மைசூருக்கும். மெட்ராஸ் கேப்டன் யாருன்னு யூகிச்சிருப்பீங்க, ஜான்ஸ்டன்தான். அவர் பந்தைக் கோபாலன் கையில கொடுத்தார். மைசூரோட கர்ட்டிஸுக்குக் கோபாலன் வீசின பந்துதான் ரஞ்சி கோப்பை வரலாற்றோட முதல் பந்து.

அந்த மேட்ச் ஒரே நாள்ல முடிஞ்சுடுச்சு. மைசூர் 48-க்கு ஆல் அவுட். மெட்ராஸ் 130. மறுபடி மைசூர் 59. இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வித்தியாசத்துல வெற்றி. ஏ. ஜி. ராம் சிங் மட்டும் ரெண்டு இன்னிங்ஸ்லயும் சேர்த்து 11 விக்கெட். ஸ்கோர்கார்டு அவரைத்தான் கொண்டாடும். ஆனா முதல் பந்து கோபாலனோடது, அதை இனி யாராலயும் மாத்த முடியாது.

தியான்சந்தோட ஒரே கப்பல்ல

1935-ல இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம் ஒரு நீண்ட சுற்றுப்பயணம் போனது. போற வழியில இலங்கையிலும் ஆடினாங்க. தியான்சந்த் இருந்த அந்த அணியில் கோபாலனும் இருந்தார். அந்தப் பயணத்தோட கணக்கு கேட்டா டைப்போ எரர்னு நினைப்பீங்க. 48 ஆட்டம், 584 கோல்! அதுல தியான்சந்த் அடிச்சது மட்டும் 201. ஆட்டத்துக்கு சராசரி 12 கோல்.

நல்லா கவனிங்க. 1928-ல ஆம்ஸ்டர்டாம்ல தங்கம், 1932-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல தங்கம், 1935-ல இந்தச் சுற்றுப்பயணம். அடுத்த வருஷம் பெர்லின்ல என்ன நடக்கப் போகுதுன்னு யூகிக்க யாருக்கும் ஜோசியம் தேவையில்ல.

கிரிக்கெட் நிலைமை நேர் எதிர். 1932-ல தான் இந்தியா முதல் டெஸ்டே ஆடியிருந்தது. 1936 வரைக்கும் மொத்தம் 4 டெஸ்ட், ஒரு வெற்றி கூட இல்ல.

கப்பல் எது?

1936 வந்துச்சு. கோபாலனுக்கு 26 முடிஞ்சு 27 ஆகப்போற வயசு. இங்கிலாந்து போகும் கிரிக்கெட் அணியில இடம். ஒலிம்பிக் ஹாக்கி அணிக்கான தேர்வும் அதே நேரத்துல. ரெண்டுக்கும் கப்பல்லதான் போகணும், ரெண்டும் மாசக்கணக்குல நடக்கும். ரெண்டுல ஒண்ணுதான்.

அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

அவர் போன அணி எப்படிப்பட்டதுன்னு கேளுங்க. கேப்டன் 'விஸ்ஸி'ங்கிற விஜயநகரம் மகாராஜ்குமார். இப்போ ஆந்திராவில இருக்கிற சமஸ்தானத்து இளவரசர். ஆட்டத்தைவிட அந்தஸ்துதான் அவரைக் கேப்டன் ஆக்குச்சு. மூணு டெஸ்ட்லயும் சேர்த்து அவர் எடுத்தது 33 ரன். அணியில ஒழுங்கா ஆடிட்டிருந்த லாலா அமர்நாத்தை ஒழுங்கீனம்னு சொல்லி முதல் டெஸ்டுக்கு முன்னாடியே ஊருக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க. அணிக்குள்ள கோஷ்டி மேல கோஷ்டி.

கோபாலனுக்கு டெஸ்ட்ல இடம் கிடைக்காததுக்கு அரசியல் மட்டுமே காரணம்னு சொன்னா அது நியாயமில்ல. புதுப் பந்து போட முகமது நிசாரும் அமர் சிங்கும் இருந்தாங்க. இந்தியா உருவாக்கின மிகச் சிறந்த வேகப்பந்து ஜோடிகள்ல அது ஒண்ணு. அவங்களைத் தாண்டி இன்னொரு மிதவேகப் பந்துவீச்சாளருக்கு இடம் கிடைக்கிறது கஷ்டம்தான்.

அதே பயணத்துல இன்னொரு மெட்ராஸ்காரரும் இருந்தார். கோட்டா ராமசாமி, புச்சி பாபுவோட மகன். அவரும் ரெண்டு விளையாட்டுக்காரர்தான். 1922-லேயே டேவிஸ் கோப்பையில இந்தியாவுக்காக டென்னிஸ் ஆடினவர். 40 வயசுல, மான்செஸ்டர்ல டெஸ்ட் அறிமுகம். 40, 60 ரன் எடுத்தார். ரெண்டே டெஸ்ட் ஆடி, 56-க்கு மேல சராசரியோட முடிச்சார். ரெண்டு விளையாட்டுக்கும் நடுவுல 14 வருஷ இடைவெளி இருந்ததால அவர் எதையும் விட வேண்டி வரல. கோபாலனுக்கு ரெண்டும் ஒரே கோடைக்காலத்துல வந்து நின்னுச்சு. அதுதான் வித்தியாசம்.

ஆகஸ்ட் 15 வந்துச்சு. மேல சொன்ன கதை நடந்துச்சு.

தப்பான முடிவா?

இந்தக் கதையை யார் சொன்னாலும் இந்த இடத்துல ஒரு உச்சு கொட்டுவாங்க. பாவம், தங்கத்தை விட்டுட்டாரேன்னு. நானும் முதல்ல படிக்கும்போது அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் நம்ம ஊர் வழக்கம் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.

ஜூன் 12-ன்னா டெல்டாவுல எல்லாருக்கும் தெரியும். மேட்டூர் திறக்கிற நாள். அன்னைக்குத் தண்ணி வரும்னு நம்பித்தான் குறுவைக்கு நாத்து விடுறாங்க. குடகுல மழை பெய்யுமா, கர்நாடகா தண்ணி விடுமா, ஜூலையில அணை மட்டம் எவ்வளவு இருக்கும், இது எதுவும் விதைக்கிறவருக்குத் தெரியாது. கையில இருக்கிற தகவல் என்ன, வீட்டுத் தேவை என்ன, போர் தண்ணி எவ்வளவு வரும்னு பார்த்து அவர் முடிவெடுக்கிறார். ஆகஸ்ட்ல பயிர் காஞ்சா அது நஷ்டம். பெரிய நஷ்டம். ஆனா அதை வெச்சு, ஜூன்ல அவர் முட்டாள்தனமா விதைச்சாருன்னு நம்ம ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க. அடுத்த வருஷமும் அவர்தான் விதைப்பார்.

இதே கண்ணோட 1936-ஐப் பாருங்க. கோபாலனுக்கு வேலை கொடுத்தது கிரிக்கெட். அவரைக் கண்டுபிடிச்ச ஜான்ஸ்டன் கிரிக்கெட்காரர். அவர் ஊர் கொண்டாடினது பொங்கல் மேட்சை. கையில ஒரு டெஸ்ட் அனுபவம் இருந்துச்சு, அதை ரெண்டாக்க அவருக்கு ஆசை இருந்திருக்கும்னு நினைக்கிறது பெரிய கற்பனை இல்ல. ஹாக்கிப் பக்கம் தங்கம் கிட்டத்தட்ட உறுதி, உண்மைதான். ஆனா இன்னொருத்தர் தலைமையில ஏற்கனவே ஜெயிச்சுக்கிட்டிருக்கிற அணியில சேர்றதா, இன்னும் ஒரு தடவை கூட ஜெயிக்காத அணியில போய்ப் போராடுறதா? இதுக்கு ஒரே ஒரு சரியான விடை இருக்கிறதா எனக்குத் தோணல.

இன்னொரு விஷயம் எல்லாத்தையும்விட முக்கியம். அடுத்த வாய்ப்பு வரும்னு 1936-ல யாரும் நம்பியிருப்பாங்க. நாலு வருஷத்துல அடுத்த ஒலிம்பிக், நடுவுல ஏதாவது டெஸ்ட் தொடர். அப்படி நினைக்கிறதுல என்ன தப்பு? ஆனா 1939-ல உலகப் போர் வெடிச்சது. 1940 ஒலிம்பிக் ரத்து. 1944 ஒலிம்பிக் ரத்து. 1936 ஓவலுக்கு அப்புறம் இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடினது 1946 ஜூன்ல. பத்து வருஷம்! அப்போ கோபாலனுக்கு 37 வயசு. அவர் திறக்காத கதவும் மூடிச்சு, திறந்த கதவும் மூடிச்சு. பெர்லினுக்கே போயிருந்தாலும், அதுவும் ஒரே ஒரு ஒலிம்பிக்கோட முடிஞ்சிருக்கும்.

இன்னைக்குக் காலத்துல இருந்து ஒரு உதாரணம். அமெரிக்காவுல கைலர் மர்ரேன்னு ஒரு குவார்டர்பேக். அமெரிக்க ஃபுட்பால்ல மொத்த ஆட்டத்தையும் நடத்துற ஆள்தான் குவார்டர்பேக். 2018-ல ஓக்லண்ட் பேஸ்பால் அணி அவரை 9-வது ஆளா எடுத்து, மில்லியன் கணக்குல டாலர் ஒப்பந்தமும் போட்டுச்சு. அவர் அதை விட்டுட்டு ஃபுட்பாலுக்கே போனார். 2019 தேர்வுல அரிசோனா அணி அவரை முதல் ஆளா எடுத்துச்சு. ரெண்டு விளையாட்டுலயும் முதல் சுற்றுலேயே எடுக்கப்பட்ட முதல் ஆள் அவர். அவருக்கு ஏஜென்ட் உண்டு, வக்கீல் உண்டு, ரெண்டு பக்கமும் எழுத்துல சம்பளக் கணக்கு உண்டு. கோபாலனுக்கு இருந்தது எண்ணெய்க் கம்பெனி சம்பளமும், கப்பல் புறப்படுற தேதியும் மட்டும்தான்.

ஆடிக்கிட்டே இருந்தவர்

எனக்கு இவரைப் பிடிச்சுப் போனது 1936-னால இல்ல, அதுக்கு அப்புறம் நடந்ததுனால.

இங்கிலாந்துல இருந்து திரும்பி வந்தவர் விளையாட்டை விட்டுடல. மெட்ராஸுக்காக ரஞ்சி ஆடினார். அடுத்த வருஷமும் ஆடினார். போர் நடக்கும்போதும் ஆடினார். சுதந்திரம் வந்த பிறகும் ஆடினார். கடைசி ரஞ்சி சீசன் 1951-52. அப்போ வயசு 42! முதல் பந்து போட்டவர் 17 வருஷம் கழிச்சும் அதே கோப்பையில ஆடிக்கிட்டிருந்தார். முதல்தர கிரிக்கெட்டுல மொத்தம் 200-க்குக் கொஞ்சம் குறைவா விக்கெட், 3,000-க்குக் கொஞ்சம் குறைவா ரன். ஒரு மிதவேகப் பந்துவீச்சாளரோட உடம்பு இத்தனை வருஷம் தாங்குறது சாதாரணமில்ல. இப்போ மாதிரி ஃபிசியோ, ஜிம், எம்ஆர்ஐ எதுவும் இல்லாத காலம் அது.

அந்தக் கடைசி சீசன்ல நடந்த ஒரு விஷயம். 1952 பிப்ரவரியில சேப்பாக்கத்துல இந்தியா இங்கிலாந்தை ஜெயிச்சது. இந்தியாவோட முதல் டெஸ்ட் வெற்றி! வினூ மன்கட் 12 விக்கெட். 1934-ல கோபாலனுக்கு இடம் கிடைக்காத அதே மைதானம். 20 வருஷமா ஒரு தடவை கூட ஜெயிக்காத அணி, அவர் வீட்டுப் பக்கத்துல, அவர் விளையாட்டை முடிக்கிற சீசன்ல ஜெயிச்சுச்சு.

மெட்ராஸ் முதல் தடவையா ரஞ்சி கோப்பையை வாங்கினது 1954-55-ல, அவர் ஓய்வு பெற்று மூணு சீசன் கழிச்சு. இதுலயும் அவருக்கு நேரம் சரியா அமையல. சிரிக்கிறதா அழறதான்னு தெரியல, இல்ல?

அவர் ஓய்வு பெற்ற பிறகு, 1953-ல, மெட்ராஸுக்கும் சிலோனுக்கும் நடுவுல ஒரு போட்டி தொடங்கினாங்க. அதோட பேர் கோபாலன் கோப்பை. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைச்சது 1981-ல. அதுவரைக்கும் இலங்கை வீரர்களுக்கு வெளியூர் அணியோட மோதி, தங்களைச் சோதிச்சுப் பார்க்கக் கிடைச்ச வாய்ப்புகள்ல இந்தக் கோப்பை முக்கியமானது. டெஸ்ட்ல ஒரே ஒரு விக்கெட் எடுத்தவர் பேர்ல இருந்த கோப்பை, ஒரு நாடு டெஸ்ட் அணியா வளர்றதுக்கு உதவி பண்ணுச்சு. இதை ரெக்கார்டு புக்ல எந்தக் கட்டத்துல போடுவீங்க?

1964-ல அவருக்கு பத்மஸ்ரீ கிடைச்சது. 2003 டிசம்பர் 21-ல, 94 வயசுல சென்னையிலேயே காலமானார். அப்போ உலகத்துல உயிரோட இருந்த டெஸ்ட் வீரர்கள்லேயே வயசுல மூத்தவர் அவர்தான்னு பதிவுகள் சொல்லுது.

உங்களுக்கு ஏன் இதைச் சொல்றேன்?

ஃபைனல் இயர்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும், இது எந்த மாசம்னு. ஒரு கையில பிளேஸ்மென்ட் ஆஃபர் லெட்டர், இன்னொரு கையில கேட் ஹால் டிக்கெட். சிலருக்கு எம்எஸ், சிலருக்கு யுபிஎஸ்சி, சிலருக்கு அப்பாவோட அஞ்சு ஏக்கர். ஹாஸ்டல்ல ராத்திரி ரெண்டு மணிக்குப் பேசுறது எல்லாமே இதுதான். எல்லாரும் கேட்கிற கேள்வியும் ஒண்ணுதான்: எதை எடுத்தா பின்னாடி வருத்தப்பட மாட்டோம்?

கோபாலன் கதை அதுக்குப் பதில் சொல்லாது. அப்படிச் சொல்லும்னு நான் எழுதினா அது பொய். அவருக்கே 1936-ல பதில் தெரியாது. ஆனா ஒண்ணு மட்டும் தெரியுது. நாம எல்லாரும் அந்த ஒரு வருஷத்தையே பார்த்துட்டு உச்சு கொட்டுறோம். அவர் அந்த வருஷத்துக்கு அப்புறமும் 15 சீசன் பந்து போட்டார். தேர்ந்தெடுத்தது கிரிக்கெட், அதனால கிரிக்கெட்டை ஆடினார். தங்கம் வாங்கினவங்களைப் பத்திப் புலம்பிக்கிட்டே ஒதுங்கிப் போயிருந்தா அவர் பேர்ல கோப்பையும் இருந்திருக்காது, வாசலும் இருந்திருக்காது.

அதனால ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போடுறதோ, போடாம விடுறதோ, உங்களுக்குத் தெரிஞ்ச தகவலை வெச்சு யோசிச்சு முடிவெடுங்க. அதுக்கப்புறம் குடகுல மழை பெய்யுதோ இல்லையோ, நாத்தை நடுற வேலையைப் பார்க்கணும்.

அடுத்த தடவை சேப்பாக்கம் போனா, மஞ்சள் ஜெர்சியோட ஓடிப் போய் சீட் பிடிக்கிறதுக்கு முன்னாடி, கோபாலன் பேர் இருக்கிற வாசல் எதுன்னு தேடிப் பாருங்க. பார்த்தா ஒரு போட்டோ எடுத்து நம்ம இதழ் குழுவுக்கு அனுப்புங்க. அடுத்த இதழ்ல போடுறோம்!